ஏற்ற பிறகு யோசனை கிடையாது

(தனுஷ்கோடியில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாய்களைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். நான் கால்நடை மருத்துவன் அல்ல. பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். அதனால் நாய்களைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை. இந்த மணலில் யாரோ விட்டுவிட்டுப் போன நாயை நாம் வீட்டுக்கு அழைத்துப் போவது பற்றியும், அப்படி அழைத்துப் போன பின் நமக்கும் அதற்கும் நடுவில் உண்டாகும் உறவு பற்றியும் மட்டும் பேசுகிறேன்.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயல் செய்ததை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு காலம் மணலில் தத்தளித்து வரும் வேனும் ஜீப்பும்தான் நமக்குப் போக்குவரத்து. 2017-இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டருக்குத் தார்ச்சாலை திறந்தார்கள். நல்ல காரியம். மீன் கெடாமல் போய்ச் சேருகிறது, நோயாளியை நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்க முடிகிறது. ஆனால் அந்தச் சாலையில் வரும் கார்களில் சில, வரும்போது ஒரு நாயோடு வந்து திரும்பும்போது நாயில்லாமல் திரும்புகின்றன.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கடை ஓரமாக நின்று பார்த்தால் போதும். இங்கேயே பிறந்து வளர்ந்த நாய், கார் வந்து நின்றால் தலையைக்கூடத் தூக்காது. மீன் பொரிக்கிற சட்டியின் மேல்தான் அதற்குக் கண். விடப்பட்ட நாய் காரின் கதவைப் பார்க்கும். கதவு திறந்ததும் ஓடிப்போய் இறங்குகிறவர்களின் காலை மோந்து பார்க்கும். தான் தேடிய ஆள் இவரில்லை என்று தெரிந்ததும் இரண்டடி பின்னால் போய் உட்காரும். அடுத்த கார் வந்தால் மறுபடியும் எழுந்து ஓடும். வெயில் ஏற ஏற இந்த ஓட்டம் குறையும், பார்வை மட்டும் குறையாது. இதை ஒரு முழுப் பகல் பார்த்தவருக்கு அதன் பிறகு சோறு இறங்காது.

விட்டுப் போகிறவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. வீடு மாறியிருப்பார்கள், புது வீட்டுக்காரர் நாய் கூடாது என்றிருப்பார். குட்டியாக இருந்தபோது தூக்கிக் கொஞ்சிய பிள்ளைகள் இப்போது படிப்புக்கு வெளியூர் போயிருப்பார்கள். சொறி வந்திருக்கும். பொட்டை நாய், குட்டி போட்டுக்கொண்டே இருக்கும் என்ற பயம் வந்திருக்கும். எல்லோரும் தங்களுக்குள் ஒரே சமாதானத்தைத்தான் சொல்லிக்கொள்கிறார்கள்: "கடற்கரைதானே, மீன் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும்."

பிழைக்காது. அதைத்தான் இன்று உரக்கச் சொல்ல வந்தேன். ஒரு பக்கம் பெண் கடல், மறு பக்கம் ஆண் கடல், இரண்டிலும் உப்பு. இங்கே நல்ல தண்ணீர் என்பது நம் பெண்கள் மணலைக் கையால் தோண்டி, ஊறும்வரை காத்திருந்து, சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுகிற தண்ணீர். ஊரில் குழாயடியிலும் வாளியிலும் குடித்துப் பழகிய நாய்க்கு அந்த ஊற்று எங்கே இருக்கிறதென்று யார் சொல்வார்கள்? தாகம் தாங்காமல் கடல் தண்ணீரைக் குடிக்கும். வாந்தி எடுக்கும், வயிற்றால் போகும், உடம்பிலிருக்கும் கொஞ்ச நீரும் வற்றும். நிழலுக்கு ஒதுங்கலாமென்றால் வாடிகளை ஒட்டி ஏற்கெனவே இருக்கிற நாய்கள் கூட்டமாக விரட்டும்.

கொல்கத்தாவுக்கு அருகே இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா என்ற பேராசிரியர் பல ஆண்டுகளாகத் தெரு நாய்களை ஆராய்ந்து வருகிறார். அவருடைய குழு 364 குட்டிகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்தது. அவற்றில் இனப்பெருக்க வயதை, அதாவது ஏழு மாதத்தைத் தொட்டவை நூற்றுக்குப் பத்தொன்பதுதான். செத்தவற்றில் பெரும்பாலானவை மனிதர்களால் செத்தவை. வாகனத்தில் அடிபட்டும், அடித்துக் கொல்லப்பட்டும், விஷம் வைக்கப்பட்டும். குப்பையும் கடைவீதியும் நிழலும் உள்ள வங்காளத்துத் தெருக்களிலேயே கணக்கு இது. நம் மணல் திட்டைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டுமா?

பிழைத்துக்கொள்கிற ஒன்றிரண்டும் எதைத் தின்று பிழைக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். தை, மாசியில் தொடங்கிப் பங்குனி ஆமை நம் கரையேறுகிறது. இரவில் வந்து குழி தோண்டி நூறுக்கு மேல் முட்டையிட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. மனிதக் கண்ணுக்கு அந்தக் குழி தெரியாது, நாயின் மூக்குக்குத் தெரியும். பசித்த நாய் ஒரே இரவில் ஒரு குழியைக் காலிசெய்துவிடும். வனத்துறையினர் விடியலுக்கு முன் கரையோரம் நடந்து, முட்டைகளைச் சேகரித்து, கம்பிவேலி போட்ட பொரிப்பகத்தில் வைத்துக் காப்பதற்கு நாய்களும் ஒரு முக்கியக் காரணம். 2025 ஜூனில் தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து சேற்றில் இரை தேடும் பறவைகளை நாய்கள் ஓடி ஓடிக் கலைத்தால் அந்த அறிவிப்பால் என்ன பயன்? நாயின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பசித்தது, தின்றது. அதை அங்கே இறக்கிவிட்டவரின் கை அந்த ஆமை முட்டையின் மேலும் இருக்கிறது.

ஆகவே, சுற்றுலா வந்த இடத்தில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போகிற அன்பு போதாது. அந்த மனசை நான் குறை சொல்லமாட்டேன், ஒரு வேளைப் பசியை அது ஆற்றத்தான் செய்கிறது. ஆனால் மறுநாள் அந்த நாய் அதே இடத்தில் நிற்கும். அதை அங்கிருந்து அழைத்துப் போக ஒருவர் வேண்டும்.

அப்படி அழைத்துப் போனவர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். 1959-ஆம் ஆண்டு, சென்னையில் பெருமழை. தியாகராய நகரில் தெருவெல்லாம் வெள்ளம். காரில் போய்க்கொண்டிருந்த கேப்டன் வி. சுந்தரம், வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைப் பார்த்து வண்டியை நிறுத்தினார், தூக்கினார், வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் விமானி. அவருடைய மனைவி உஷா சுந்தரமும் விமானி, சுதந்திர இந்தியாவில் முதலில் விமானம் ஓட்டிய பெண்களில் முன்னோடி. வானத்தில் பறந்து பழகிய அந்தக் குடும்பம் அந்த இரண்டு குட்டிகளுக்காகத் தரையில் உட்கார்ந்தது. குட்டிகளைத் தொடர்ந்து அடிபட்டவை வந்தன, கைவிடப்பட்டவை வந்தன. வீடு போதவில்லை. அதுதான் பிறகு 'புளூ கிராஸ்' ஆனது. 1964-இல் அதைப் பதிவுசெய்தார்கள். தனுஷ்கோடியைக் கடல் கொண்ட அதே ஆண்டு. நாய்களைப் பிடித்துக் கொல்வதை விட்டுவிட்டு, பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு விடுவதுதான் வழி என்று அவர்கள் அந்த நாளிலேயே சொன்னார்கள். சென்னை மாநகராட்சி அதைக் கையில் எடுக்க 1996 வரை ஆனது. இன்று நாட்டின் சட்டமே அதுதான். அன்றைக்கு அவர் காரை நிறுத்தாமல் போயிருந்தாலும் யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

இன்னொன்று, பின்னாளில் நடந்தது. 2016 ஜூலையில் சென்னைக்குப் பக்கத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் ஒரு நாயை மாடியிலிருந்து தூக்கி எறிந்தார். கூட்டாளி அதைப் படம் எடுத்தார். நாடே பதறிய காட்சி அது. செத்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஏறத்தாழ பத்து நாள் கழித்து, எலும்பு முறிந்த நிலையில், உயிரோடு அதைக் கண்டுபிடித்தார்கள். தூக்கப் போனவர்களைப் பார்த்து அது வாலாட்டியது என்று அப்போது செய்திகளில் வந்தது. பத்ரா என்று பெயர் வைத்து, சிகிச்சை கொடுத்து, ஒரு குடும்பத்தில் சேர்த்தார்கள். அந்த மாணவர்கள் ஆளுக்கு 2 லட்சம் ரூபாய் விலங்கு நல வாரியத்துக்குக் கட்ட வேண்டுமென்று டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் உத்தரவிட்டது. எனக்கு அந்தத் தொகையை விட வாலாட்டிய செய்திதான் நெஞ்சில் நிற்கிறது. மனிதக் கையால் எறியப்பட்டு, பத்து நாள் வலியில் கிடந்து, மறுபடியும் ஒரு மனிதக் கை நீளும்போது அதை நம்புவதற்கு அந்த உயிரால் முடிந்திருக்கிறது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? நான் சொன்ன அதே அனிந்திதா பத்ராவின் குழு 2017-இல் இன்னோர் ஆய்வை வெளியிட்டது. அறிமுகமில்லாத மனிதர் ஒருவர், சில தெரு நாய்களுக்குத் திரும்பத் திரும்ப உணவு கொடுத்தார். வேறு சில நாய்களுக்கு உணவில்லை, தலையைத் தடவிக் கொடுத்தார். எந்த நாய்கள் அவரை அதிகம் நம்பி நெருங்கின? தடவப்பட்டவை. பாருங்கள், அன்றாடம் பசியோடு திரிகிற தெரு நாய் அது. அதற்குமே சோற்றைக் காட்டிலும் தொடுகை பெரிதாக இருக்கிறது. ஜப்பானில் அசாபு பல்கலைக்கழகத்தார் 2015-இல் கண்டது இதை ஒட்டியதுதான்: வளர்ப்பவரும் நாயும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால், இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு கூடுகிறது. தாய் தன் சேயைப் பார்க்கும்போது கூடுகிற அதே சுரப்பு. மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் அது நிகழவில்லை.

ஆய்வு இருக்கட்டும், என் வீட்டில் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டு நாயின் பெயர் செவலை. சத்திரத்துப் பக்கம் மீன் வாங்கப் போன இடத்தில் பார்த்தது. செம்பட்டை நிறம், விலா எலும்பு எண்ணலாம், ஒரு காது மடிந்திருக்கும். மீன் விற்ற அம்மாவிடம் கேட்டேன். "அது நம்மூரு நாயில்ல சார். வேனுல வந்து எறங்குனது. அன்னையிலேருந்து ரோட்டையே பாத்துக்கிட்டு கெடக்கு" என்றார். கழுத்தில் நீல நைலான் கயிறு. குட்டியாக இருந்தபோது கட்டியிருக்கிறார்கள், கழுத்து பெருத்த பிறகும் யாரும் தளர்த்தவில்லை. கயிறு தோலுக்குள் புதைந்து, சுற்றிலும் சதை வளர்ந்து, சீழ் வைத்து, அதில் உப்பு மணல் ஒட்டிக் காய்ந்திருந்தது. கால்நடை மருந்தகத்தில் டாக்டர் வெதுவெதுப்பான உப்புநீரால் நனைத்து நனைத்து ஊறவைத்து, நுனி மழுங்கிய கத்தரியால் இழை இழையாக வெட்டினார். முழுக்கயிறும் வெளியே வரும்வரை அது கடிக்கவில்லை. என் சட்டைக் கைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நடுங்கியது.

வீட்டுக்கு வந்த புதிதில் அதனிடம் அன்பு ஒன்றும் தெரியவில்லை. இதைப் பிள்ளைகள் கவனித்துக் கேட்க வேண்டும். நாயைக் காப்பாற்றிய அன்றே அது நம் மடியில் வந்து படுத்துவிடும் என்று சினிமாவில் காட்டுவார்கள். செவலை அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. சோறு வைத்தால் ஒரு வாய் கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடி அங்கே வைத்துத் தின்னும், மறுபடி வந்து ஒரு வாய் எடுக்கும். விளக்குமாற்றைக் கையில் எடுத்தால் அந்த இடத்திலேயே சிறுநீர் போய்விடும். என் மனைவி அதன் முன்னால் விளக்குமாற்றை எடுப்பதையே நிறுத்திவிட்டு, அது முற்றத்துக்குப் போன நேரம் பார்த்து வீடு பெருக்கினாள். யாரும் அதைக் கூப்பிடவில்லை, துரத்தவும் இல்லை. ஒரே நேரத்தில் சோறு, ஒரே இடத்தில் தண்ணீர், ஒரே குரல். அவ்வளவுதான் நாங்கள் செய்தது. வாரங்கள் போன பின் ஒரு மத்தியானம் என் மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அது வந்து அவள் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தது. அவள் கீரையை அப்படியே விட்டுவிட்டு, கால் மரத்துப் போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு அந்த வீட்டில் அவள் அப்படி நிறைவாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அந்த நாய் எங்களுக்கு நன்றி காட்டுகிறது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நன்றி என்றால் நாம் கொடுத்தவர், அது வாங்கியது என்றாகிவிடும். விடியற்காலையில் அது வந்து எழுப்புவதால் நான் நடக்கிறேன். அதற்கு வேளைக்குச் சோறு வைக்க வேண்டியிருப்பதால் நாங்களும் வேளைக்குச் சாப்பிடுகிறோம். தெருவில் முகம் பார்த்துப் பேசாதவர்கள்கூட "செவலைக்கு ஒடம்பு எப்பிடி இருக்கு?" என்று நின்று கேட்கிறார்கள். யார் யாருக்குக் கொடுத்தது?

இங்கிருந்து ராமேசுவரம் போகிற வழியில் கோதண்டராமர் கோயில் இருக்கிறது. புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோன பிறகும் நிற்கிற கோயில். தன் ஊரையும் உறவையும் விட்டு வந்த விபீஷணனை ராமன் ஏற்றுக்கொண்ட இடம் அது என்பது நம் நம்பிக்கை. ஆண்டுதோறும் ராமலிங்கப் பிரதிஷ்டை விழாவில் அங்கே விபீஷணர் பட்டாபிஷேகம் நடக்கிறது. விபீஷணனை நாயோடு சேர்த்துப் பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஏற்றவனைப் பற்றித்தான் பேசுகிறேன். வந்தவனை ராமன் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. கூடியிருந்தவர்களைக் கேட்டான். சுக்கிரீவன் கூடாது என்றான், அவனுடைய அச்சத்தில் நியாயம் இருந்தது. அனுமன் ஏற்கலாம் என்றான். எல்லா வாதமும் ஏற்பதற்கு முன் நடந்து முடிந்தது. ஏற்ற பிறகு 'இவனை வைத்துக்கொள்ளலாமா' என்ற கேள்வி அந்தப் பாளையத்தில் எழவில்லை. நாயை வீட்டுக்கு எடுக்க நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழிகாட்டுதல் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே வீட்டில் உட்கார்ந்து வாதம் செய்யுங்கள். பன்னிரண்டு, பதினைந்து வருடம் இருக்கக்கூடிய உயிர் அது. நீங்கள் கடலுக்குப் போனால் யார் பார்ப்பது? வீடு மாறினால்? வீட்டில் பாட்டிக்கு நாய் பிடிக்காதா? அந்தப் பாட்டியின் பேச்சுக்கும் மதிப்புக் கொடுங்கள். வேண்டாமென்று முடிவானால் அது தவறே இல்லை. வேண்டுமென்று முடிவானால் அதன் பிறகு யோசனை கிடையாது.

எடுத்தவர்கள் முதலில் செய்ய வேண்டியது வெறிநோய்த் தடுப்பூசி. மூன்று மாதக் குட்டி முதல் எல்லா நாய்க்கும் போட வேண்டும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. செப்டம்பர் 28 வெறிநோய் எதிர்ப்பு நாளையொட்டி அரசு கால்நடை மருந்தகங்களில் இலவசமாகவே முகாம் நடத்துகிறார்கள். நாய் கடித்தாலோ கீறினாலோ மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநோய் வந்த பிறகு மருந்து கிடையாது, வராமல் தடுக்க மருந்து உண்டு. அடுத்தது கருத்தடை. பொட்டை நாய் அறுபத்து மூன்று நாள் சுமந்து நாலு, ஐந்து குட்டி போடும். அவற்றைக் கொண்டுபோய் விடத்தான் மறுபடியும் இந்தக் கடற்கரையைத் தேடுவார்கள். உண்ணி பார்த்து எடுங்கள். மீன் கொடுக்கும்போது முள்ளை எடுத்துவிட்டுச் சோற்றோடு பிசைந்து வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்கிறீர்கள். வளர்த்த பிராணியைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. பல பத்தாண்டுகளாக அந்தத் தொகை மாறவில்லை. இது நாட்டுக்கே அவமானம், மாற்றியாக வேண்டும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெரு நாய்கள் பற்றிய தன் முந்தைய உத்தரவைத் திருத்தியபோது, விருப்பமுள்ளவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெரு நாயைத் தத்தெடுக்கலாம் என்றது. அப்படி எடுத்த நாய் மறுபடி தெருவுக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு என்றும் அதே உத்தரவில் சேர்த்தது. கோதண்டராமர் கோயில் சொல்வதையே நீதிமன்றமும் சொல்கிறது.

வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: உங்கள் நாயை வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் உங்கள் ஊரிலேயே, உங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டைத் தேடுங்கள். இங்கே கொண்டுவராதீர்கள். கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு நாயை இறக்கிவிட்டுப் போவதைப் பார்த்தால் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு காவல் நிலையத்தில் சொல்லுங்கள், கடை ஓரத்தில் ஒரு சட்டியில் நல்ல தண்ணீர் வையுங்கள். நம் ஊர்க்காரர்களில் வீட்டில் பேசி முடிவெடுத்தவர்கள், அடுத்த முறை சத்திரத்துப் பக்கம் போகும்போது ஒரு பழைய துண்டும் மெல்லிய கயிறும் கொஞ்சம் தயிர்ச்சோறும் எடுத்துப் போங்கள். கார்க் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிற நாய் இன்றைக்கும் அங்கே இருக்கிறது, நான் வரும் வழியில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.